கணினியின் செக்ரோல்



தோட்டத்துப் பெரட்டை அறியாதவர் நம்மில் யார்? பொழுது விடியும் முன்பே ஆட்கள் களத்தில் கூடுவார்கள். மண்டோர் பெயர் கூப்பிடுவார். வந்தவர் யார், வராதவர் யார், எந்த நிரையில் யார் மரம் சீவுவது என்பதெல்லாம் கிராணியின் செக்ரோலில் ஏறும். நண்பகலில் பால் வாளிகள் ஸ்டோருக்கு வந்ததும் நிறுவை நடக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் வாளிக்குப் பதிலாகக் குலைகளை எண்ணுகிறார்கள். மாதக் கடைசியில் சம்பளம் போடும்போது பேசுவது இந்தக் கணக்குத்தான். கணக்குச் சரியாக இருந்தால் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். அது பிசகினால் உழைத்த கை வெறுங்கையாகத் திரும்பும்.

கணினிக்குள்ளும் இப்படியொரு செக்ரோல் உண்டு என்று சொன்னால் நேயர்கள் வியப்படையலாம். எந்த நிரல் வேலைக்கு வந்தது, யார் அதை அழைத்தார், எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு இடத்தைப் பிடித்தது என்று கணினி தனக்குத்தானே பேரேடு எழுதுகிறது. நம் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசியும் ஒரு கணினிதான், அதுவும் எழுதுகிறது. அந்தப் பேரேட்டை எப்படி எழுதுகிறார்கள், அதை நாம் எப்படிப் படிப்பது, படிக்கும்போது எங்கே ஏமாறுவோம் என்பவற்றை இன்று காண்போம்.

முதலில், இந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது? 1961ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் அவ்வாண்டு நவம்பரில் ஒரு புதுமையைச் செய்து காட்டினார்கள். அக்காலத்துக் கணினி ஓர் அறையை அடைத்துக்கொள்ளும், விலையோ மலையளவு. ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். கோர்பட்டோவின் குழுவினர் ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும்படி அமைத்தார்கள். கணினி ஒருவருக்குச் சிறிது நேரம் உழைக்கும். உடனே அடுத்தவரிடம் தாவும். பிறகு அதற்கும் அடுத்தவர். தாவல் மிக விரைவாக நடப்பதால், தமக்கென்றே தனிக் கணினி இருப்பதாக ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வார். இதற்குக் காலப் பகிர்வு என்று பெயர்.

பலர் பங்கு போடும் பொருளுக்குக் கணக்கு வேண்டும் அல்லவா? ஆகவே ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரம் என்று அளந்து கொடுத்தார்கள். ஒருவர் பங்கை மற்றவர் எடுத்துவிடாதிருக்கக் கடவுச்சொல்லும் வந்தது. ஆலன் ஷெர் என்ற மாணவருக்கு வாரத்திற்கு 4 மணி நேரம் கிடைத்தது. அவருடைய ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. 1962இல் அவர் ஒரு துளை அட்டையைக் கொடுத்து, எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட வைத்து, பிறர் பெயரில் நுழைந்து வேலை செய்தாராம். பல ஆண்டுகள் கழித்து அவரே இதைச் சொன்னார். பங்கு குறைந்தால் மனிதன் குறுக்கு வழி தேடுவான் என்பதற்குத் தோட்டமும் ஒன்றுதான், பெரிய கல்விக் கழகமும் ஒன்றுதான் போலும்!

அந்த ஆலன் ஷெர்தான் பின்னர் அதே கணினியை முறையாக அளந்தவர். மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கணினியே குறித்து வைக்கும்படி செய்து, 1965இல் தம் ஆய்வேட்டை எழுதினார். அவர் கண்டது இது. திரையிலோ தட்டச்சிலோ விடை வந்த பிறகு, ஒருவர் அதைப் படித்து, யோசித்து, அடுத்த கட்டளையைத் தட்டி முடிக்கச் சராசரியாக 35 வினாடிகள் ஆயின. அந்தக் கட்டளையை நிறைவேற்றக் கணினியின் மையச் செயலகத்துக்குத் தேவைப்பட்டதோ ஒரு வினாடிக்கும் குறைவான நேரம். அதாவது, ஒருவர் கன்னத்தில் கைவைத்து யோசிக்கும் நேரத்தில் கணினி வேறு பலருக்கு உழைத்துவிட்டு வந்துவிடலாம். சுமார் 30 பேர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்ள முடிந்ததன் இரகசியம் இதுவே. அளந்து பார்க்காமல் இதை எவராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

சரி, கணினி எவற்றை அளக்கிறது? முக்கியமானவை நான்கு. முதலாவது, மையச் செயலகம் உழைத்த நேரம். இரண்டாவது, நிரல் ஓடும்போது பிடித்துக்கொண்ட நினைவகம். இது வேலை மேசையின் பரப்பைப் போன்றது. மூன்றாவது, வட்டில் எழுதியதும் படித்ததும். இது அலமாரியில் வைப்பதும் எடுப்பதும் போன்றது. நான்காவது, வெளியுலகத்தோடு செய்த போக்குவரத்து. நாம் பணம் கொடுத்து வாங்கும் டேட்டா இதில் அடங்கும். கைத்தொலைபேசியில் ஐந்தாவதாக மின்கலத்தின் செலவும் சேரும்.

1969ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். பின்னர் அதில் அமைந்த கணக்கு முறை எளிமையானது. ஒரு நிரல் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறும்போது, இயக்க முறைமை ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பேரேட்டில் சேர்த்துவிடும். நிரலின் பெயர், அழைத்தவர் யார், எப்போது தொடங்கியது, கடிகாரப்படி எவ்வளவு நேரம் ஆனது, மையச் செயலகம் உண்மையில் எவ்வளவு நேரம் உழைத்தது ஆகியவை அச்சீட்டில் இருக்கும். பிறகு வேறொரு சிறு நிரல் சீட்டுகளையெல்லாம் கூட்டி, எந்த நிரல் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு செலவழித்தது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். இன்றைய லினக்ஸ் கணினிகளிலும் விரும்பினால் இம்முறையை இயக்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கடிகார நேரம் வேறு. உழைத்த நேரம் வேறு. ஸ்டோரில் பாலை நிறுத்ததோடு கணக்கு முடிந்துவிடுகிறதா? இல்லை. மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டுப் பார்க்கிறார்கள். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி நீர். வாளியின் கனம் ஒன்று, உலர்ந்த ரப்பரின் கனம் ஒன்று. அது போலவே, ஒரு நிரல் காலை முதல் மாலை வரை திறந்திருக்கலாம். அதற்குள் மையச் செயலகம் அதற்காக உழைத்தது இரண்டு நிமிடமாக இருக்கலாம். கடித நிரலைத் திறந்து வைத்துவிட்டு நாம் தேநீர் குடிக்கப் போனால், கடிகாரம் ஓடும், உழைப்பு ஓடாது. திறந்திருந்த நேரத்தை மட்டும் பார்த்து, ‘இதுதான் கணினியைத் தின்கிறது’ என்று சொல்பவர், பாலின் நீரையும் ரப்பர் என்று எண்ணுகிறவர்.

உழைத்த நேரத்தைத்தான் எப்படி அளப்பது? பழைய யூனிக்ஸ் கணினிகளில் ஒரு கடிகார மணி வினாடிக்கு 60 முறை தட்டும். மணி தட்டும் அந்த நொடியில் எந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதன் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். மண்டோர் வெட்டுக்காட்டைச் சுற்றி வரும்போது கண்ணில் பட்டவரைக் குறித்துக்கொள்வது போலத்தான். நாள் முழுவதும் சுற்றினால் மொத்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆனால் இரண்டு மணிகளுக்கு இடையே வந்து வேலையை முடித்துவிட்டுப் போன குட்டி நிரல் கண்ணில் படாமலே தப்பலாம். மணி தட்டும்போது தற்செயலாக அங்கே நின்ற நிரலின் தலையில் பிறருடைய புள்ளியும் விழலாம். இக்காலக் கணினிகளில் நிரல் மாறும் ஒவ்வொரு தடவையும் துல்லியமான கடிகாரத்தைப் பார்த்து எழுதும் வசதி வந்துவிட்டதால் இப்பிழை வெகுவாகக் குறைந்துள்ளது.

துண்டுச் சீட்டு முறையிலும் ஒரு குறை உண்டு. சீட்டு எழுதப்படுவது நிரல் வெளியேறும்போதுதான். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குச் சீட்டு இல்லை. இடையில் மின்சாரம் போய்க் கணினி நின்றுவிட்டால், அப்போது உழைத்துக்கொண்டிருந்தவற்றின் கணக்கு ஏறாது. ஆகவே, நடப்பதை நடக்கும்போதே காட்டும் நிரல்களும் தேவைப்பட்டன. 1984இல் வில்லியம் லஃபீவர் என்பவர் எழுதிய ‘டாப்’ என்ற நிரல், அந்த வேளையில் அதிகம் உழைப்பவற்றை மேலே வைத்து, சில வினாடிகளுக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பித்துக் காட்டும். 1996இல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0இல் இதே வேலைக்கு ‘டாஸ்க் மேனேஜர்’ சேர்ந்தது. பள்ளியில் கணினி பழகும் நம் பிள்ளைகள் அதை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருப்பார்கள்.

இதுவரை ஒரு கணினிக்குள் நடப்பதைப் பார்த்தோம். உலகெங்கும் மக்கள் எந்த நிரல்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிய முடியுமா? டெபியன் என்ற இலவச இயக்க முறைமையைத் தன்னார்வலர்கள் 1993 முதல் வளர்த்து வருகிறார்கள். அதில் ஆயிரக்கணக்கான நிரல் தொகுப்புகள் உள்ளன. எவற்றை முதல் வட்டில் வைப்பது, எவற்றைப் பின்னால் வைப்பது? இதை முடிவு செய்ய உதவியாக ஒரு கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். இயக்க முறைமையை நிறுவும்போது, ‘இதில் பங்குகொள்ள விருப்பமா?’ என்று அது கேட்கும். ஆம் என்று சொன்னவரின் கணினி வாரந்தோறும் பெயரில்லாத ஒரு பட்டியலை அனுப்பும். ஒரு நிரல் இருக்கிறதா என்பதோடு, அண்மையில் அது தொடப்பட்டதா என்பதையும் கோப்பைக் கடைசியாகப் படித்த நேரத்தைக் கொண்டு பிரித்துக் காட்டும்.

இருப்பதும் பயன்படுவதும் ஒன்றல்ல என்பதை இல்லத்தரசிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அலமாரியில் பத்துப் பாத்திரம் அடுக்கி இருக்கும்; அடுப்பில் ஏறுவது மூன்றுதான்! ஆனால் இந்தக் கணக்கெடுப்புக்கும் எல்லை உண்டு. விருப்பம் தெரிவித்தவர்களின் கணினிகள் மட்டுமே இதில் சேரும். சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணித் தோட்டத்து மக்கள்தொகை இவ்வளவு என்று சொல்ல முடியுமா? ‘இந்த நிரலைவிட அந்த நிரலை அதிகம் பேர் தொடுகிறார்கள்’ என்று ஓரளவு ஒப்பிடலாம். மொத்தம் எத்தனை பேர் என்று சொல்லிவிட இயலாது.

அளந்த பிறகு என்ன பயன்? 1971இல் டொனால்ட் நூத் என்ற கணினி அறிஞர், பிறர் எழுதிய பல நிரல்களை எடுத்து அவை எங்கே நேரத்தைச் செலவழிக்கின்றன என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நிரலின் வரிகளில் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே, அது ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று அவர் கண்டார். ஆகவே நிரலை விரைவாக்க விரும்புகிறவர் எல்லா வரிகளையும் புரட்டிப் போட வேண்டியதில்லை. ஓட்டை எங்கே என்று அளந்து கண்டுபிடித்து, அங்கே அடைத்தால் போதும்.

இந்தப் பாடம் நம் வீட்டுக்கும் பொருந்தும். சில மாதங்களுக்கு முன் தோட்டப்புறத்தில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். அந்த வீட்டில் கைத்தொலைபேசி ஒன்றுதான். பகலில் அப்பாவிடம் இருக்கும். மாலையில் நான்காம் படிவம் படிக்கும் மகள் பாடத்துக்கு எடுத்துக்கொள்வாள். இரவில் மீண்டும் அப்பாவிடம் போகும். நாங்கள் போன நேரத்தில் வீட்டில் சத்தம். “பாடம் படிக்கிறேன்னு சொல்லி மாசத்து டேட்டாவைப் பத்தே நாள்ல முடிச்சிட்டா சார். இனிமே இவளுக்குப் போன் கிடையாது” என்றார் அப்பா. மகள் வாய் திறக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன.

“கொஞ்சம் பொறுங்க ஐயா. கணக்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்” என்று சொல்லி, தொலைபேசியை வாங்கி அமைப்புகளுக்குள் சென்று டேட்டா பயன்பாட்டைத் திறந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ஒரு காணொளிச் செயலி. பாதிக்கு மேல் அதன் கணக்கில். இரண்டாவது, குழுக்களில் வரும் படங்களையும் காணொளிகளையும் கேட்காமலே இறக்கிக்கொள்ளும் செய்திச் செயலி. மகளின் பாடச் செயலி பட்டியலில் எங்கோ கீழே இருந்தது.

“காணொளி பார்த்ததும் இவதானே?” என்றார் அப்பா. நியாயமான கேள்வி. டேட்டாப் பட்டியல் செயலியின் பெயரைச் சொல்லுமே தவிர, தொலைபேசி யார் கையில் இருந்தது என்று சொல்லாது. ஆகவே மின்கலக் கணக்கையும் திறந்தோம். அதில் எந்த வேளையில் எந்தச் செயலி ஓடியது என்று பகுதி பகுதியாகக் காட்டியது. காணொளிச் செயலி மாலையில் அமைதியாக இருந்தது. நள்ளிரவு முதல் விடியும்வரை ஓடியிருந்தது. அம்மா அப்போதுதான் பேசினார். “பழைய பாட்டைப் போட்டுக்கிட்டே நீங்கதானே தூங்கிப் போறீங்க? அது விடிய விடியப் பாடிக்கிட்டு இருக்கு.” ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தானே தொடங்கும் வசதி அதில் இயங்கியிருந்தது. அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மகளிடம், “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார்.

தானாகத் தொடங்குவதையும் தானாக இறக்குவதையும் நிறுத்தி வைத்துவிட்டு வந்தோம். நேயர்களும் உங்கள் தொலைபேசியில் இதைச் செய்து பார்க்கலாம். அப்போது மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள்.

ஒன்று, டேட்டாக் கணக்கு உண்மையாக எண்ணியது. மின்கலக் கணக்கு பெரும்பாலும் மதிப்பீடு. திரை இவ்வளவு நேரம் எரிந்தால் இவ்வளவு செலவு, வானொலி அலைப் பகுதி இவ்வளவு நேரம் இயங்கினால் இவ்வளவு செலவு என்று பெருக்கிப் பார்த்துத்தான் தொலைபேசி அதைப் பங்கிடுகிறது. மேலும், ஒரு செயலிக்கு 60 விழுக்காடு என்று போட்டிருந்தால், பல தொலைபேசிகளில் அது செலவான மின்சாரத்தில் 60 விழுக்காடு. மின்கலம் முழுவதிலும் 60 விழுக்காடு என்று கொண்டுவிடக் கூடாது.

இரண்டு, திரையில் ஓடியதையும் பின்னணியில் ஓடியதையும் பிரித்துப் பாருங்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது செலவானது நம் விருப்பம். நாம் பாராதபோது செலவானதில்தான் ஓட்டை இருக்கக்கூடும்.

மூன்று, தொலைபேசி காட்டும் டேட்டாக் கணக்கும் சேவை நிறுவனத்தின் கணக்கும் சற்று வேறுபடலாம். நிறுவனத்தின் மாதம் தொடங்கும் நாளைத் தொலைபேசியில் சரியாகக் குறித்து வைத்தால் ஒப்பிடுவது எளிது.

அளவு என்பது பயனைச் சொல்லிவிடாது என்பதையும் மறக்கலாகாது. சம்பளம் போடும் நிரல் மாதத்தில் ஒருமுறைதான் ஓடும். முறைகளை எண்ணிப் பார்ப்பவர் அதை வேண்டாத நிரல் என்று நீக்கிவிட்டால், மாதக் கடைசியில் என்ன ஆகும்? 2018 முதல் கைத்தொலைபேசிகளில் திரை நேரத்தைக் காட்டும் வசதியும் வந்துள்ளது. பிள்ளை இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்தது என்று அது சொல்லும். அந்த இரண்டு மணியில் கணிதம் கற்றதா, காலத்தைக் கழித்ததா என்று சொல்லாது. அதைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பேரேடு யார் கையில் இருக்கிறது என்பதும் நமக்கு முக்கியம். எந்தச் செயலியை எந்த நேரத்தில் திறந்தோம் என்பது, நாம் எப்போது உறங்குகிறோம், எதற்குக் கவலைப்படுகிறோம், யாருடன் பேசுகிறோம் என்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கக்கூடும். டெபியன் குழுவினர் முதலில் கேட்டு, சம்மதித்தால் மட்டும், பெயரில்லாமல் பெறுகிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஒரு செயலியை நிறுவும்போது, ‘பயன்பாட்டு விவரங்களை அனுப்பலாமா?’ என்று கேட்டால், அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிடாமல் படித்துப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

நம் முன்னோரில் பலர் செக்ரோலில் எழுதியதைப் படிக்க இயலாமல், சொன்ன தொகையை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பிறகு நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். சம்பளச் சீட்டை வாங்கி, வரி வரியாகப் படித்து, ‘இங்கே இரண்டு நாள் பேர் விடுபட்டிருக்கிறது’ என்று கேட்டார்கள். அந்தக் கண்தான் இன்றும் தேவைப்படுகிறது. இன்றிரவு உங்கள் வீட்டுத் தொலைபேசியின் பேரேட்டைக் குடும்பத்தோடு ஒருமுறை திறந்து பாருங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் பாருங்கள்.